டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’: வீட்டுக்கு வந்தபின் போட வேண்டிய கணக்கு

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்தோ பெரியாஸ்பத்திரியிலிருந்தோ வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உப்பைக் குறைக்கவும். தண்ணீர் அளவாகக் குடிக்கவும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இத்தனாம் தேதி ஓ.பி.க்கு வரவும். கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வண்டி ராயபுரம் பாலம் ஏறும்போதுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். குறைக்கவும் என்றால் எவ்வளவு? கருவாட்டில் இருக்கும் உப்பு எந்தக் கணக்கு? ரசம் தண்ணீரா, சாப்பாடா? கால் வீங்கினால் உடனே ஓட வேண்டுமா, ஓ.பி. நாள் வரை பொறுக்கலாமா?

இந்த நோயில் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வதுதான் ஆளையும் குடும்பத்தையும் உருக்குலைக்கிறது. அப்படிச் சேர்பவர்களில் பலருக்கு ஒரே ராத்திரியில் ஆபத்து வந்திருக்காது. ஒரு வாரமாகவே உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டு இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வீட்டுப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான்.

## பெயரிலேயே பாதி பயம்

‘ஃபெயிலியர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் இதயம் நின்றுவிடப் போகிறது என்று வீடே கலங்கிவிடுகிறது. மூன்று வேறு வேறு விஷயங்கள் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. மாரடைப்பு: இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குவது.
2. இதயத் துடிப்பு நிற்பது: ஆள் சாய்ந்துவிடுவார், மூச்சுப் பேச்சு இருக்காது. உடனே நெஞ்சை அழுத்தி உதவாவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும்.
3. ஹார்ட் ஃபெயிலியர்: இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் சிரமமில்லாமல் தள்ள முடியவில்லை. வருடக்கணக்கில் கூடவே வைத்துக்கொண்டு வாழ வேண்டிய நோய் இது.

தமிழில் ‘இதயச் செயலிழப்பு’ என்கிறார்கள். அதுவும் பயமுறுத்தும் பெயர்தான். ‘இதயத் தளர்ச்சி’ என்று வைத்திருந்தால் நோயாளி ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

முன்பு வந்த மாரடைப்பு, கவனிக்காமல் விட்ட பி.பி., சர்க்கரை, சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு, பல வருடக் குடி, சில வைரஸ் காய்ச்சல்கள் என்று காரணங்கள் பல. சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டியும் வரும். வயதானவர்கள் நோய் என்று ஒதுக்கவும் முடியாது. 2013ல் திருவனந்தபுரத்தில் இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து பார்த்தபோது சராசரி வயது 61தான் இருந்தது. மேலை நாடுகளில் இந்த நோயோடு சேர்பவர்களைவிட ஏறக்குறைய பத்து வயது குறைவு.

## எக்கோவில் 30 என்றால் இதயம் 30 சதவீதம்தானா?

எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். அந்த ரிப்போர்ட்டில் ‘ஈ.எஃப்.’ என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. நல்ல இதயத்துக்கும் இது 100 கிடையாது. 120 மில்லி நிரம்பினால் 70 மில்லி வெளியே போகும், மீதி உள்ளேயே தங்கும். அதாவது 58 சதவீதம், முழு ஆரோக்கியம். ஆகவே 30 என்று போட்டிருந்தால் நூற்றுக்கு எழுபது போய்விட்டது என்று படிக்காமல், அறுபதுக்கு அருகே இருக்க வேண்டியது முப்பதாக இறங்கியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

40க்குக் கீழே இருந்தால் தசை சுருங்கும் பலம் குறைந்த வகை. 50க்கு மேலே இருந்தும் மூச்சு வாங்கும், கால் வீங்கும் என்றால் அது இன்னொரு வகை. அங்கே தசை விறைத்துப்போய், ரத்தத்தை உள்வாங்க இதயம் சரியாக விரியாது. பல வருடம் பி.பி.யோடு இருக்கும் வயதான பெண்களிடம் இது அதிகம். ‘ஈ.எஃப். நார்மல்தானே, அப்புறம் எதுக்கு மாத்திரை’ என்று இவர்கள்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

## பம்ப் பலவீனமானால் கால் ஏன் வீங்குகிறது?

சம்ப்பும் மேல் டேங்கும் உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பலம் குறைந்துவிட்டது, மேல் டேங்குக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. மேலே காலியாக இருப்பதை மட்டும் பார்த்த வாட்ச்மேன், கீழே சம்ப் ததும்புவது தெரியாமல் இன்னொரு லாரி தண்ணீருக்கு போன் போடுகிறார். உடம்பில் அந்த வாட்ச்மேன் வேலையைச் செய்வது சிறுநீரகம்.

1. இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது.
2. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அது தப்பாகப் புரிந்துகொள்கிறது.
3. ரெனின், ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, சிறுநீரில் போக வேண்டிய உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கின்றன. உப்பு எங்கே போகிறதோ அங்கே தண்ணீரும் போகும்.
4. ஏறிய தண்ணீர் ரத்தக் குழாயிலிருந்து கசிகிறது. நுரையீரலில் கசிந்தால் மூச்சு முட்டும், காலில் இறங்கினால் வீக்கம், வயிற்றில் சேர்ந்தால் இரண்டு வாய்க்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.
5. கூடிய சுமையால் பம்ப் இன்னும் தளர்கிறது. மறுபடி முதல் படி.

சிறுநீரகத்தில் கோளாறு இல்லை, அதற்குப் போகும் தகவல்தான் தப்பு. இந்த நோய்க்குத் தரும் மாத்திரைகளில் பாதி அந்தத் தப்பான தகவலை அடக்குவதற்காகத்தான்.

## எடை மெஷின்: வீட்டில் இருக்க வேண்டிய முதல் கருவி

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பாக இருக்க முடியாது. மூன்று நாள் எவ்வளவு பிரியாணி சாப்பிட்டாலும் அவ்வளவு கொழுப்பு சேராது. இரண்டு பாட்டில் தண்ணீர் உடம்புக்குள் எங்கோ நிற்கிறது என்றுதான் அர்த்தம். கணுக்கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்னாலேயே எடை பலரிடம் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பார்க்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்வந்து, டீ குடிக்கும் முன். அதே லுங்கி அல்லது அதே நைட்டி. மெஷின் பாய் மேல் இல்லாமல் சமமான தரையில் இருக்க வேண்டும். பார்த்த எண்ணை உடனே தினசரி காலண்டரில் எழுதிவிட வேண்டும். நாள் கிழிக்கும் சீட்டாக இருந்தால் கிழிந்து போய்விடும், மாதம் முழுக்கத் தெரியும் காலண்டர் நல்லது. எப்போதாவது ஸ்டேஷன் மெஷினில் காசு போட்டு ஏறிப் பார்ப்பதில் பயன் இல்லை. அதில் வரும் சீட்டு ஜாதகம் சொல்லலாம், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது.

எண்ணை எதோடு ஒப்பிடுவது? வீக்கமெல்லாம் வடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் அன்று இருக்கும் எடையை டாக்டர்கள் ‘உலர் எடை’ என்பார்கள். அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு,

- 300, 400 கிராம் ஏறி இறங்குவது தினமும் நடப்பது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.
- ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மூச்சு நன்றாகவே இருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் அதன்படி செய்யலாம்.
- எடை இறங்கிக்கொண்டே போய், எழுந்து நின்றால் தலை சுற்றினால் உடம்பு அதிகம் வற்றிவிட்டது. இதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. நாள்பட்ட நோயாளிக்குச் சதை கரையும், அதே நேரம் தண்ணீர் ஏறும். எடை மாறாமலே இருக்கும், ஆள் மட்டும் மோசமாவார். அதனால் எண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? மெட்டியும் செருப்பு வாரும் இறுக்குகிறதா? நேற்று ஒரு தலையணை வைத்துப் படுத்தவருக்கு இன்று மூன்று தேவைப்படுகிறதா? படுத்தால் இருமல், உட்கார்ந்தால் நின்றுவிடுகிறதா? குனிந்து கோலம் போடும்போதும் அடிபம்பில் குடத்தைத் தூக்கும்போதும் மூச்சு முட்டுகிறதா? ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு மாடிப்படியே மீட்டர். போன வாரம் ஒரே மூச்சில் இரண்டு மாடி ஏறியவர் இந்த வாரம் முதல் மாடியில் கைப்பிடியைப் பிடித்து நின்றால், அது ‘வயசாச்சு’ என்று தள்ள வேண்டிய விஷயம் இல்லை. ‘கேஸ் பிடிச்சிருக்கு’, ‘சளி கட்டியிருக்கு’ என்ற இரண்டு வார்த்தைகளும் இந்த நோயில் நிறைய நாட்களை வீணாக்கியிருக்கின்றன.

## உப்பு: ஜாடியில் தொடங்கும் கணக்கு

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் அளவு. சமமாக வழித்த ஒரு டீஸ்பூன். அதில் 2 கிராம் சோடியம் இருக்கும். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தினமும் ஸ்பூனால் அளக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு சுலப வழி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்பு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட் மேல் எழுதி வையுங்கள். மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோனால் அந்த வீட்டில் நோயாளி மட்டுமில்லை, எல்லோருமே அதிகம் சாப்பிடுகிறார்கள். இது ஜாடி உப்பு மட்டும்தான். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கடை பஜ்ஜி, சிப்ஸ், பர்மா பஜார் பக்கத்து அத்தோ, பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் தனி.

வட சென்னையில் இந்தப் பேச்சு கருவாட்டைத் தொடாமல் முடியாது. உப்பில் புரட்டி வெயிலில் காய வைப்பதுதான் கருவாடு. ஊற வைத்து நாலு தண்ணீர் அலசினாலும் உப்பில் ஒரு பங்குதான் போகும். காசிமேட்டில் காலையில் வந்திறங்கும் மீனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இதய நோயாளி கருவாட்டைத் தேடுவது ருசிக்காகத்தான் என்பது புரிகிறது. ஆனாலும் பச்சை மீன் குழம்பில் புளி, மிளகு, பூண்டு, கொத்தமல்லியைத் தூக்கலாகப் போட்டு உப்பைப் பாதியாக்கினால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

ஆடி மாதம்தான் உண்மையான சோதனை. அம்மன் கோயில் கூழ் வந்துவிடும், கூடவே கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய். ஒரு சொம்பு கூழ் திரவக் கணக்கு, தொட்டுக்கொள்வது உப்புக் கணக்கு. இரண்டும் ஒரே உட்காரலில் ஏறிவிடும். சாமி பிரசாதத்தை மறுக்கச் சொல்லவில்லை. ஒரு சின்ன டம்ளர் கூழ், உப்பில்லாத சின்ன வெங்காயம், அன்றைக்கு மற்ற வேளைகளில் குறைவு, மறுநாள் காலை மறக்காமல் எடை. அப்படி நடத்திக்கொள்ளலாம்.

உப்பை அறவே ஒதுக்கவும் வேண்டாம். 2022ல் வெளியான சோடியம்-ஹெச்.எஃப். என்ற ஆய்வில் சோடியத்தை நாளைக்கு 1.5 கிராமுக்குக் கீழே இறக்க முயன்று பார்த்தார்கள். அதனால் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் மரணமும் குறையவில்லை. உப்பே இல்லாத சோற்றைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடப்பதுதான் நோயாளிக்குப் பெரிய ஆபத்து.

இரண்டு இடங்களில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

முதலாவது, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பாக்கெட். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன், எனாலாப்ரில் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே கூடும் வாய்ப்பு உண்டு. அதோடு இந்த உப்பும் சேர்ந்தால் துடிப்பே தடுமாறலாம். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, அசதியாக இருக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்பது. ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. அரை லிட்டர் பாட்டில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாள் உப்பு முழுவதும் நரம்பு வழியாக நேராக உள்ளே போய்விடும், கூடவே அரை லிட்டர் தண்ணீரும். ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிறது என்று ஊசி குத்தும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

## தண்ணீர்: எவ்வளவு, எப்படி அளப்பது

எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. வீக்கம் அதிகமாக இருந்தவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று எழுதுவார்கள். நோய் கட்டுக்குள் இருப்பவரை அப்படி இறுக்க வேண்டுமா என்ற சந்தேகம் மருத்துவ உலகிலேயே வந்துவிட்டது. நெதர்லாந்தில் நடந்து 2025ல் வெளியான ஃப்ரெஷ்-அப் ஆய்வில், நோய் நிலையாக இருந்தவர்களில் ஒரு பிரிவை ஒன்றரை லிட்டரோடு நிறுத்தினார்கள், இன்னொரு பிரிவை இஷ்டப்படி குடிக்க விட்டார்கள். உடல்நிலையில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்குத் தாகம்தான் அதிகமாக இருந்தது. ஆனால் அது நெதர்லாந்து, ஆய்வில் இருந்தவர்கள் நிலையான நோயாளிகள். உங்கள் சீட்டில் அளவு எழுதியிருந்தால் நீங்களாக மாற்றாமல், ‘இன்னும் இந்த அளவு வேண்டுமா’ என்று அடுத்த ஓ.பி.யில் கேட்பதுதான் சரி.

அளவு கொடுத்திருந்தால் காலையில் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். டீ, மோர், ரசம், கஞ்சி என்று எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து வேறு டம்ளரில் ஊற்றி வீட்டில் மற்றவருக்குக் கொடுத்துவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. மாத்திரையோடு குடிக்கும் தண்ணீரும் இதற்குள்தான். ஐந்து வேளை மாத்திரைக்கு ஐந்து டம்ளர் குடித்தால் ஒரு லிட்டர் அங்கேயே போய்விடும். நாக்கு வறண்டால் எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம், வாய் கொப்புளித்துத் துப்பலாம்.

கத்திரி வெயிலில் இந்தக் கணக்கு மாறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு வியர்வையிலேயே நிறையப் போய்விடும். மேலே நீர் மாத்திரையும் சேர்ந்தால் பி.பி. விழும், சிறுநீரகம் சுணங்கும். ஏப்ரல் மாத ஓ.பி.யிலேயே வெயில் காலத்துக்குத் தண்ணீர் அளவும் மாத்திரை அளவும் என்ன என்று கேட்டு வாங்குவது நல்லது. வாந்தி, பேதி வந்த நாளும் இப்படித்தான். அன்றைக்கு நீர் மாத்திரையையும் இன்னும் சில மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104லும் கேட்கலாம்.

## மாத்திரை: ஏன் இத்தனை, ஏன் விட்டுவிடுகிறார்கள்

தசை பலம் குறைந்த வகைக்கு இன்று நான்கு வகை மாத்திரைகள் அடிப்படை. எனாலாப்ரில் அல்லது சாக்குபிட்ரில்-வல்சார்டன் வகை ஒன்று; துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் இரண்டு; ஸ்பைரோனோலாக்டோன் வகை மூன்று; டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை நான்கு. இவை நான்கும் ஆயுளைக் கூட்டுபவை. ஃப்யூரோசமைடு, டார்சமைடு போன்ற நீர் மாத்திரை இவற்றோடு சேர்ந்து வரும். அது வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் இறக்குவதற்கு. நல்லாயிட்டேன் என்று முதல் நான்கையும் நிறுத்தினால், நல்லாக்கிய காரணத்தையே நிறுத்துவதாகும்.

நிறுத்துகிறவர்கள் சோம்பேறித்தனத்தால் நிறுத்துவதில்லை. காரணங்கள் வேறு.

முதலில் கழிப்பிடம். ஃப்யூரோசமைடு விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை ஓட்டும். விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று வரும் பெண்ணுக்கு நடுவில் எங்கே ஒதுங்குவது? லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்றால் கால் வீங்கிய ஆள் எத்தனை முறை வரிசையில் நிற்பார்? மாத்திரையை விட்டுவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. டாக்டரிடம் இதை வெட்கப்படாமல் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவார். வேலை முடித்து வீடு திரும்பிய பிறகு, காலை பதினொரு மணிக்குப் போட்டாலும் மாத்திரை வேலை செய்யும். மாலை நான்கு மணிக்குப் பிறகு போட்டால் மட்டும் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

அடுத்தது, ‘எனக்குத்தான் சர்க்கரை இல்லையே’ என்ற குழப்பம். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை நோய்க்கு வந்த மருந்துதான். சர்க்கரை இல்லாத ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கும் அது பலன் தரும் என்று 2019ல் வெளிவந்த டாபா-ஹெச்.எஃப். ஆய்வில் தெளிவானது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், சுத்தமாகக் கழுவி உலர வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஸ்பைரோனோலாக்டோனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, கேட்டால் போதும்.

மூன்றாவது, பி.பி. மெஷினில் 100 என்று பார்த்ததும் ‘லோ பிரஷர்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு நிறுத்துவது. தலைசுற்றல், மயக்கம் இல்லாமல் அந்த அளவில் இருந்தால் இந்த நோயில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

இரண்டு இடத்தில் மருந்து வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பி.பி. மாத்திரை வரும், இதய ஓ.பி.யில் வேறு கொடுப்பார்கள், நடுவில் மெடிக்கலில் வாங்கியதும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். எனாலாப்ரிலும் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரையும் ஒன்றாக உள்ளே போகவே கூடாது. முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம்.

மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டால் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் கலர் மாத்திரைகளை இந்த நோயாளி தொடக்கூடாது. அதில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்தோ ஸ்டீராய்டோ இருக்கலாம். இரண்டுமே உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதிலும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது. நெஞ்சு கரிக்கிறது என்று கலக்கிக் குடிக்கும் ஈனோ மாதிரியான பொடிகளும் அப்படியே. நாட்டு மருந்தில் அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் உப்பு தேங்கும், பொட்டாசியம் இறங்கும். இருமலுக்கு நல்லது என்று சப்பிக்கொண்டே இருப்பவர்கள் பலர், இருமலோ நுரையீரலில் ஏறிய தண்ணீரால் வந்திருக்கும்.

## நடை, புகை, மழை

ஓய்வு என்றால் கட்டிலிலேயே கிடப்பது என்று அர்த்தமில்லை. நோய் நிலைப்பட்ட பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் நடக்க வேண்டும். கூட வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், அதுதான் வேகத்துக்கு அளவு. ராபின்சன் பூங்காவோ திருவொற்றியூர் கடற்கரையோ, எதுவும் இல்லாவிட்டால் தெருவில் பத்து வீடு போய்த் திரும்புவதோ போதும். சிகரெட், மாவா, ஹான்ஸ் எதுவும் கூடாது. குடியால் இதயம் கெட்டவருக்கு ஒரு துளியும் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சளிக் காய்ச்சல் ஒன்றே இந்த நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போதும்.

மணலி, எண்ணூர்க்காரர்களுக்குக் காற்றும் ஒரு கணக்கு. மிக நுண்ணிய தூசு கூடும் நாட்களில் இதய நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். போகி விடியலில் டயர் புகைக்கு நடுவே வாக்கிங் போக வேண்டாம், ஜன்னலைச் சாத்திவிட்டு வெயில் ஏறிய பிறகு போகலாம்.

மழைக்காலத்துக்கு ஒன்றே ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அக்டோபரிலிருந்தே, இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகலோடு ஜிப் கவரில் போட்டு, பரணில்.

## எப்போது 108?

1. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்து, உட்கார்ந்தும் அடங்காவிட்டால்.
2. இருமலில் நுரையாக, இளஞ்சிவப்பாகச் சளி வந்தால்.
3. நெஞ்சை அழுத்தும் வலி வந்து அடங்காவிட்டால்.
4. மயங்கி விழுந்தால், அல்லது படபடப்போடு கண் இருட்டினால்.
5. உதடு நீலம் பாய்ந்தால், புதிதாகக் குழப்பமாகப் பேசினால்.

வண்டி வரும் வரை படுக்க வைக்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைக்க வேண்டும். சுடுதண்ணீர், சோடா, கஷாயம் எதுவும் வேண்டாம். மாத்திரைப் பை, கடைசி எக்கோ, எடை எழுதிய காலண்டர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் நுழையாத சந்து என்றால் ஒருவர் செல்போன் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும். நோயாளியைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போகாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேராகத் தூக்கிப் போக வேண்டும்.